எங்கப்பாவுக்குச் சுகர்

அன்பார்ந்த பொதுமக்களே. இந்த அன்பார்ந்தங்கற வார்த்தைய மைக்குல தவிர வேற எங்கயும் எவனும் சொல்லி நான் கேட்டதில்ல, எங்கம்மாட்ட போயி அன்பார்ந்த அம்மாவே கொழம்பு ஊத்துன்னா கரண்டிதான் பறந்து வரும், ஆனா பேப்பர்ல எழுதிருக்கு, எழுதிருக்கறத மட்டும் படிச்சாப் போதும் தம்பின்னு தெய்வசிகாமணி சார் சொல்லி அனுப்பிருக்காரு, அவருதான் எங்க ஏரியா அறக்கட்டளைக்குத் தலைவரு, ஹார்டுவேர் கடைக்காரரு, கடப்பாரையில இருந்து குண்டூசி வரைக்கும் விக்கிற மனுசன், ஒரே ஒரு வார்த்தையத் தொடப் பயப்படுறாரு. அதனால அன்பார்ந்த பொதுமக்களே, இன்று ஒரு நாள் மட்டும், நந்தவனத் தெரு முக்கு இருளப்பன் டீக்கடையில் விற்பனையாகும் ஒவ்வொரு டீயின் முழு வருமானமும் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக வழங்கப்படுகிறது, டீ அருந்துவீர், ஆதரவு தருவீர். மணி பத்தே கால். ஆட்டோ மேல ரெண்டு கோன் ஸ்பீக்கரு, ஒண்ணு முன்னாடி பாக்குது, ஒண்ணு பின்னாடி பாக்குது, நடுவுல நான் எங்கிட்டுப் பாக்குறதுன்னு தெரியாம பின் சீட்டுல பேட்டரியக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன், அது சூடாகுது, எந்த எடத்துக்கு ஆராய்ச்சியோ அந்த எடத்துலயே கொண்டாந்து பேட்டரிய வச்சிருக்காய்ங்க. ஓட்டுறது ஜக்கரியா அண்ணன், அண்ணன்னு வாய் சொல்லுமே ஒழிய அவருக்கு அம்பத்தாறு வயசு, எங்க தெருவுல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, கண்ணாடில என்னயப் பாத்துப் பாத்து ஓட்டுறாரு. "கணீர்னு இருக்குடா போஸு. அச்சு அசல் ஒங்கப்பன் தொண்டை." அப்பன் தொண்டை. ஆமா, எங்கப்பா பரமானந்தம் டவுன் பஸ் கண்டக்டரு, இருவத்தொம்பது வருசம் தொண்டையிலயே பஸ் ஓட்டுனவரு, அது எனக்கு வந்துருச்சு, காது வந்துருச்சு, சொத்தப் பல்லு வந்துருச்சு, எதெது வந்துருக்குன்னு யாரு கண்டா, உள்ள ஒரு நெல்லிக்கா சைஸ்ல ஒக்காந்துருக்கே அது என்ன நெனச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கோ, எனக்கு இருவத்திமூணு வயசு, காலைல ஒண்ணுக்குப் போறப்ப செவுத்தப் பாத்துக்கிட்டே ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுறேன், எண்ணுனதும் நிக்குது, நின்னதும் பயம், பயந்ததும் சுத்தமா வரல, இந்த வயசுல எவன்டா பாத்ரூம்ல நின்னு பாஸ் மார்க் போட்டுக்கிட்டு இருப்பான். விடு. பொதுமக்களே.

ஒரு அம்மா மாடில துணி காயப்போட்டுக்கிட்டே எட்டிப் பாத்துக் கேக்குது, "தம்பி, என்ன புத்துநோயி?" இதோட நாலாவது ஆளு. முந்தி கேட்ட மூணு பேருக்கும் பொதுவான புத்துநோய்க்கான்னு சொன்னேன், பொதுவான புத்துநோய்னா என்ன, பொதுப்பணித்துறை புத்துநோயா. இந்த அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு நான் வாயத் தெறக்கறதுக்குள்ள ஜக்கரியா அண்ணன் வண்டிய நகத்திட்டாரு, அந்தம்மா கையில ஈர லுங்கியோட அப்படியே நிக்குது, அந்த லுங்கிக்கு உள்ள இருக்கற ஆளுக்குத்தாம்மா இந்த விசயமே. போன வாரம் ஹார்டுவேர் கடையில வச்சு நான் சொன்னேன், சார், புராஸ்டேட் புற்றுநோய்னு போட்டுருவோம், ஆராய்ச்சி அதுக்குத்தான நடக்குது. தெய்வசிகாமணி சார் மொகம் போன போக்கு, ஏதோ நான் கல்லாவுல கைய விட்ட மாதிரி. "தம்பி, தெருவுல பொம்பளைங்க இருப்பாங்க." "சார், பொம்பளைங்களுக்குத் தெரியாம எந்த ஆம்பளைக்கு சார் நோவு வருது? துணி தொவைக்கிறது யாரு?" "வயசுப் புள்ளைங்க காதுல விழும்." "விழட்டுமே சார், அதுகளுக்கும் அப்பா இருக்காருல்ல." யாரோ வாத்தியார்ட்ட தமிழ்ல என்னன்னு கேட்டாராம், அவரு ஆண்மைச் சுரப்பின்னு சொல்லிட்டாராம், அன்னையில இருந்து மனுசனுக்குத் தூக்கம் போச்சு. "அறக்கட்டளை பேரு கெட்டுரும்ப்பா. புற்றுநோய்னு பொதுவா சொல்லு, ஜனங்க குடுப்பாங்க. எடத்தச் சொல்லாத." எடத்தச் சொல்லாத, நெலம் விக்கிற மாதிரி. அவரு கடைச் செவுத்துலயே லாட்ஜு டாக்டரு போஸ்டரு மூணு ஒட்டிருக்கு, ஆண்மைக்குறைவா, நரம்புத் தளர்ச்சியா, பிரதி மாதம் ஏழாம் தேதி ரூம் நம்பர் பதிமூணு, மீசைய முறுக்கிக்கிட்டு ஒரு வைத்தியரு, அது தெருவுல தொங்கலாம், வயசுப் புள்ளைங்க பஸ்ஸுக்கு அதுல சாஞ்சுக்கிட்டு நிக்கலாம். பொய்க்கு வெக்கமே இல்ல இந்த ஊருல, நெசம்தான் முக்காடு போட்டுக்கிட்டுப் போகுது.

ஆனா நான் மட்டும் என்ன யோக்கியன், நானும் முக்காடு போட்டவன்தான, டீ அருந்துவீர் ஆதரவு தருவீர். டீ. எங்கப்பாவுக்கு டீன்னா உசிரு. பஸ்ஸு கடைசி ஸ்டாப்புக்குப் போனா மூணு நிமிசம் நிக்கும், டைம் கீப்பரு விசில வாயிலயே வச்சுக்கிட்டு நிப்பாரு, அந்த மூணு நிமிசத்துல ஒண்ணு டீ குடிக்கலாம் இல்ல ஒண்ணுக்குப் போகலாம், ரெண்டும் முடியாது, டீக்கடை இந்தப் பக்கம், கக்கூஸு அந்தக் கோடியில. அப்பா டீயத்தான் பிடிப்பாரு. சீனி தூக்கலா, டம்ளரக் கவுத்தா கடைசியில பாதி கரைஞ்ச சீனி வழிஞ்சு வரணும், அத வெரல்ல வழிச்சு நக்கிட்டு ரைட்டுன்னு குரல் குடுப்பாரு. ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப்பு, எட்டு டீ, அத்தனையும் உள்ள வச்சுக்கிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பக் கூடக் கழட்டாம உள்ள ஓடுவாரு, நானும் அம்மாவும் சிரிப்போம், அரசாங்கம் அடக்குறதுக்கு அவார்டு குடுத்தா எங்கப்பாவுக்குத்தான்னு நான் அஞ்சாவது படிக்கிறப்பவே சொல்லிருக்கேன். சிரிச்சோமே. அந்தச் சிரிப்புதான் இப்பத் தொண்டையில நிக்குது, மீன் முள்ளு மாதிரி, சோத்த உருட்டி முழுங்குனாலும் எறங்க மாட்டேங்குது. மூணு மாசத்துக்கு முன்னாடி முதுகு வலின்னு போனாரு, எலும்பு டாக்டருன்னு போனாரு, படம் எடுத்துப் பாத்துட்டு அந்த டாக்டரு வேற மாடிக்குப் போகச் சொன்னாரு, அந்த மாடில தான் டாக்டரம்மா எஸ்தர். அவங்கட்ட தனியா போயி கேட்டேன், மேடம், எங்கப்பா ஒண்ணுக்க அடக்கி அடக்கித்தான் இது வந்துச்சா. எதிர்பாத்தது ஆமாவோ இல்லையோ, ஏதாவது ஒரு பதிலு. அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டு, "அதனாலதான்னு சொல்ல ஆதாரம் இல்ல தம்பி. ஏன் நம்ம ஊரு ஆம்பளைங்க இவ்வளவு முத்துனதுக்கு அப்புறம் வர்றாங்க, ரத்தத்துல முன்னாடியே எதாவது தெரியுதா, அதத்தான் நாங்க தேடுறோம். தெரியாதத தெரியாதுன்னு சொல்றதுதான் என் வேலை." அப்புறம் ரத்தத்த வருசக்கணக்கா எடுத்து வைக்க மைனஸ் எண்பது டிகிரில ஒரு ஃப்ரீசரு வேணும், அது இல்லாம ஆராய்ச்சி பாதியில நிக்குதுன்னு பக்கத்துல யார்ட்டயோ சொன்னாங்க, நான் சும்மா இருந்துருக்கலாம், என் வாய் இருக்குல்ல, "மேடம், எங்க ஏரியாவுல ஒரு ஐஸ் கம்பெனி இருக்கு, மீனுக்குப் பக்கத்துல ஒரு ஓரமா வச்சுக்கலாமா"ன்னேன். அந்தம்மா சிரிக்கவும் இல்ல, மொறைக்கவும் இல்ல. "ஜோக்கு நல்லாருக்கு. ஃப்ரீசர் வாங்கித் தர்றியா?" அவ்வளவுதான், அங்க பிடிச்ச சனி, பாலிடெக்னிக்ல மூணாவது செமஸ்டர்ல விட்டு வந்தவன், கணக்கப் பாத்து ஓடுனவன், ஒரு வேலையிலயும் ஒரு மாசத்துக்கு மேல ஒட்டாதவன், ஃப்ரீசர் வாங்கப் பொறப்பட்டு அறக்கட்டளை வாசல்ல போயி நின்னான். பாலிடெக்னிக்க விட்டப்ப அப்பா அடிக்கல, வையல, ஒரே ஒரு வார்த்தை. "எறங்குறதுன்னா ஸ்டாப்ல எறங்கணும். நடுவுல குதிக்கக் கூடாது." கண்டக்டரு புத்தி. நான் குதிச்சேன். இன்னும் ஓடிக்கிட்டே இருக்கேன், குதிச்ச வேகம் நிக்கல.

"ஒரு நிமிசம்டா"ன்னு ஜக்கரியா அண்ணன் வண்டிய ஓரங்கட்டுறாரு, காம்பவுண்டுச் செவுத்துப் பக்கம் போறாரு, இது ரெண்டாவது தடவ. நான் மைக்க ஆஃப் பண்ணிட்டு வேற பக்கம் பாக்குறேன். சுகர். யாரு மொதல்ல சொன்னது, எங்கம்மாதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு வாசல்லயே எதுத்த வீட்டு அன்னக்கொடி அக்கா மறிச்சுக்கிட்டு, "என்னடி, மொகமெல்லாம் செத்துருக்கு, அவருக்கு என்னவாம்?" அம்மா எங்கப்பாவப் பாத்துச்சு, அப்பா தரையப் பாத்தாரு, அம்மா வாயில வந்தத சொல்லிருச்சு, "சுகராம்க்கா." முடிஞ்சுச்சு. சுகருன்னா தெருவுல யாருக்கு இல்ல, சுகரு ஒரு மரியாதையான நோயி, விருந்துக்குப் போனாக்கூட எனக்கு சுகருன்னு சத்தமா சொல்லி மாத்திரையக் காட்டலாம். மறுநாள் காலைல ஆறு மணிக்கு அன்னக்கொடி அக்கா பாவக்கா சாறு ஒரு டம்ளரு, பச்சையா, நொரை தள்ளிக்கிட்டு, "குடிங்கண்ணே, எம் புருசனுக்கு இதுலதான் எறங்குச்சு." எங்கப்பா குடிச்சாரு. முழுசாக் குடிச்சு டம்ளரக் குடுக்கற வரைக்கும் அந்தக்கா போகாது. தொண்ணூறு நாளா குடிக்கிறாரு, இல்லாத நோய்க்கு இருக்கற மருந்து. இருளப்பன் கடையில ஒரு நாள் போயி நின்னாரு, இவரு வாயத் தெறக்கறதுக்குள்ள இருளப்பன், "அண்ணனுக்கு ஒரு வித்தவுட்டு"ன்னு சத்தம் போட்டு, சீனி இல்லாத டீய கையில குடுத்து, "கவனமா இருங்கண்ணே"ன்னு தோளத் தட்டி அனுப்பிட்டான். வீட்டுலயும் அம்மா சீனி போடுறதில்ல, கேட்டா, "அக்கா திடீர்னு வந்துருதுடா, டம்ளர மோந்து பாத்தாலும் பாக்கும்." எங்கப்பாவுக்கு இப்ப ஊசி போட்டுருக்கு, ட்யூபு போட்டுருக்கு, மூத்திரம் பிடிக்கற பையி தொங்குது, அது கூட மனுசன் தாங்கிட்டாரு, சீனி இல்லாத டீயக் குடிக்கிறப்ப மொகம் சுருங்குது பாரு, அதத்தான் என்னால பாக்க முடியல. ட்யூபு போட்டதுல இருந்து வாசலுக்கே வர்றதில்ல. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புல வச்சு என் கையப் பிடிச்சு, "ஒனக்கு வாயி ஜாஸ்தி. எனக்கு என்னன்னு எவன்ட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணேன். எங்கப்பாவுக்கு என்னன்னு யார்ட்டயும் சொல்ல மாட்டேன். வெயிலு, பெட்ரோல் நாத்தம், அவரு உள்ளங்கையில டிக்கெட்டு கிழிச்சுக் கிழிச்சுக் காச்சுப் போன எடம், அது என் கையில சொரசொரன்னு பட்டுச்சு, அந்தச் சொரசொரப்பு இன்னும் இருக்கு.

அண்ணன் இன்னும் வரல. நான் பாக்காம பாக்குறேன். நிக்கிறாரு. நிக்கிறாரு. தலையக் குனிஞ்சு, ஒரு கையச் செவுத்துல ஊணிக்கிட்டு, எங்கப்பா நின்ன மாதிரியே, பாத்ரூம் கதவு இடுக்குல நான் பாத்த அதே நிப்பு. வந்து ஹேண்டில்ல கைய வச்சுட்டு வண்டிய ஒடனே எடுக்கல. "ராத்திரியெல்லாம் இதே சோலிதான்டா போஸு. நாலு தடவ, அஞ்சு தடவ. போனா சொட்டுச் சொட்டா. இன்னும் பாக்கி இருக்கற மாதிரியே இருக்கு." "எம்புட்டு நாளாண்ணே?" "இருக்கும் ஆறேழு மாசம். சுகரு தான். வேற என்ன." "டெஸ்ட் எடுத்தீங்களா?" "எதுக்குடா டெஸ்ட்டு, அதுக்கு வேற காச குடுத்துக்கிட்டு. ஒங்கப்பாவுக்கு இதே மாதிரிதான இருந்துச்சு? ஒங்கம்மா எங்க வீட்டுல சொல்லிருக்கு, அடிக்கடி ஒண்ணுக்கு, முதுகு வலி, எல்லாம் சுகரோட வேலைன்னு. நானும் அன்னக்கொடிட்ட சொல்லிட்டேன், எனக்கும் சேத்து அரைக்குது. ஒரு மாசமாப் பாவக்காதான். ஒங்கப்பாவப் பாத்துத்தான்டா நான் சுதாரிச்சேன்." சொல்லிட்டுச் சிரிக்கிறாரு. நன்றி சொல்ற சிரிப்பு. வண்டிய எடுத்துட்டாரு. நான் மைக்கப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன். எங்க வீட்டுப் பொய்யி நாலு வீடு தள்ளிப் போயி ஒரு ஆளு தொண்டையில பச்சையா எறங்கிக்கிட்டு இருக்கு. சுகராவும் இருக்கலாம். வயசுக்கு வெறும் வீக்கமாவும் இருக்கலாம், டாக்டரம்மா சொல்லிருக்கு, எல்லாம் அது கெடையாதுன்னு. அதாவும் இருக்கலாம். எங்கப்பாவும் ஆறேழு மாசம்னுதான் சொன்னாரு, மொதல்ல. அண்ணே, போயி பாருங்கண்ணேன்னு சொன்னா, எதுக்குடாம்பாரு, எதுக்குன்னு சொன்னா எங்கப்பாவச் சொல்லணும், எங்கப்பாவச் சொன்னா சத்தியம், சத்தியத்தக் காப்பாத்துனா ஜக்கரியா அண்ணன் போயிருவாரு, ஜக்கரியா அண்ணனக் காப்பாத்துனா எங்கப்பா போயிருவாரு, வண்டி சுத்துற மாதிரி சுத்துது, ஒவ்வொரு முக்குலயும் அதே செவுரு, அதே லாட்ஜு டாக்டரு, அதே மீசை. பொதுமக்களேன்னு சொல்லுடா. சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒரே ஒரு தெருதான் பாக்கி, எங்க நந்தவனத் தெரு, அத நான் வேணும்னேதான் கடைசியா வச்சேன், எங்க வீட்டு முன்னாடி எவ்வளவு வேகமாப் போக முடியுமோ அவ்வளவு வேகமாப் போகலாம்னு. போன்ல தெய்வசிகாமணி சாரு, எடுக்கல. வண்டி தெருவுக்குள்ள திரும்புது. தண்ணிக் கொழாயில கொடங்க வரிசையா இருக்கு, சலூன் வாசல்ல பெஞ்சுல நாலு பேரு, நாலு பேருக்கும் அம்பது தாண்டிருச்சு, நாலு பேருக்குள்ளயும் ஒரு நெல்லிக்கா. நான் என்னன்னு சத்தியம் பண்ணேன், திரும்ப ஒரு தடவ சொல்லிப் பாரு, எங்கப்பாவுக்கு என்னன்னு யார்ட்டயும் சொல்ல மாட்டேன். சரி. எங்கப்பாவப் பத்தி ஒரு எழுத்து கூடப் பேச மாட்டேன். நோயப் பத்திப் பேச மாட்டேன்னு நான் எங்க சத்தியம் பண்ணேன், அந்த நோயி என்ன எங்க சொந்தமா. பேப்பர மடிச்சுப் பேட்டரிக்கு அடியில வச்சேன். "அண்ணே, மெதுவாப் போங்க. ரொம்ப மெதுவா." மைக்கு ஆன். அன்பார்ந்தங்கறத விட்டுட்டேன். அண்ணே, மாமா, சித்தப்பு, பெஞ்சுல இருக்கற நாலு பெரிய மனுசங்களே, கொழாயில நிக்கிற அக்காமார்களே, நான் பரமானந்தம் மகன் போஸு பேசுறேன். இன்னைக்கு இருளப்பன் கடை டீக்காசு போறது புராஸ்டேட்ங்கற எடத்துல வர்ற புத்துநோய ஆராயறதுக்கு. புராஸ்டேட். திரும்பச் சொல்லவா, புராஸ்டேட். அது எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு, மூத்திரப்பைக்குக் கீழ இருக்கு, ஆம்பளையாப் பொறந்த அத்தன பேருக்கும் இருக்கு, கலெக்டருக்கும் இருக்கு, லாட்ஜு டாக்டருக்கும் இருக்கு. கொழாயில யாரோ ஒரு அக்கா களுக்குன்னு சிரிச்சுச்சு, பெஞ்சுல நாலு பேரும் ஒரே நேரத்துல பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறைச்சாய்ங்க, இருந்தது ரெண்டு பேப்பருதான். ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறீங்களா. நின்னு நின்னு வருதா. சொட்டுதா. போயிட்டு வந்தும் பாக்கி இருக்கற மாதிரி இருக்கா. அது சுகராவும் இருக்கலாம், வயசாவும் இருக்கலாம், இதாவும் இருக்கலாம். எதுன்னு பாவக்காயிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. டாக்டரு பாத்தாத்தான் தெரியும். எங்க வீட்டு வாசலு. ஜன்னல்ல அப்பா. பாதி மொகம், ஒரு கை கம்பிய பிடிச்சுக்கிட்டு. எதுத்த வாசல்ல அன்னக்கொடி அக்கா காலி டம்ளரோட. நான் அவரப் பாத்துக்கிட்டேதான் பேசுனேன், வேற எங்கயும் பாக்கல, இதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான்யா நம்மாளுங்க முத்துனதுக்கு அப்புறம் போறாய்ங்க, அடக்குனா வீரம்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம், அடக்குறதுக்கு எவனும் மெடல் குடுக்கல. ஜன்னல் சாத்துச்சு. சத்தமா இல்ல, மெதுவா, கொக்கி போடற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

ஜக்கரியா அண்ணன் வண்டியக் கொண்டுபோயி இருளப்பன் கடை முன்னாடி நிப்பாட்டுனாரு. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஹேண்டில விடாம அப்படியே ஒக்காந்துருக்காரு. "டேய் போஸு." "சொல்லுங்கண்ணே." "ஒங்கப்பாவுக்கு..." "எங்கப்பாவப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலண்ணே. சத்தியம்." அவரு திரும்பி என்னயப் பாத்தாரு, கண்ணாடில இல்ல, நேரா. நானும் பாத்தேன். மறுபடியும் தெய்வசிகாமணி சாரு போன்ல, எடுத்தேன். "என்னப்பா பண்ணி வச்சிருக்க? மூணு பேரு போன் பண்ணிட்டாங்க." "மூணு பேருமே அம்பது தாண்டுனவங்களா சார்? டாக்டரம்மா நம்பர் குடுத்துருங்க." வச்சுட்டேன். கடையில எட்டுப் பத்து ஆம்பளைங்க, டம்ளரு கையில, எவனும் எவனையும் பாக்கல, எல்லாப் பயலும் டீக்குள்ள ஏதோ விழுந்த மாதிரி டீயவே பாத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க. பேசுனது தப்போ. ஜன்னல் கொக்கி. அந்தக் கொக்கிச் சத்தம் மண்டைக்குள்ள திரும்பத் திரும்ப விழுது, இனி வீட்டுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது, அவரு பேச மாட்டாரு, பேசாம இருக்கறதுலயும் அவரு இருவத்தொம்பது வருச சர்வீஸு. பேசாட்டிப் போங்க. ஜக்கரியா அண்ணன் உசிரோட நாலு வீடு தள்ளி இருந்தாப் போதும், நீங்க என்கிட்ட பேசவே வேண்டாம், நான் ரெண்டு பேருக்கும் சேத்து எனக்கு நானே பேசிக்கிறேன், எனக்கு நாப்பது வயசானா நானா போயி கைய நீட்டி ரத்தம் குடுப்பேன், பாத்ரூம்ல எண்ணிக்கிட்டு நிக்க மாட்டேன், எழுதி வச்சுக்க செவுரே. அப்ப இருளப்பன் கையில இருந்த பாலு வடிகட்டிக்கு வெளிய ஊத்துச்சு. எல்லாரும் திரும்புனாய்ங்க.

தெருவுக்கு நடுவுல அப்பா. வெள்ள வேட்டி, ரிட்டயர்டு ஆன அன்னைக்குக் குடுத்த சட்டை. கையில மஞ்சப்பை, எங்க சித்தப்பா மக கல்யாணத்துல குடுத்தது, தங்கள் வருகைக்கு நன்றின்னு செவப்பு எழுத்து, அதுக்குள்ளதான் அந்தப் பையி இருக்கு, வேட்டி மடிப்புல இருந்து ட்யூபு ஒண்ணு அதுக்குள்ள போகுது, மறைக்கல. மறைச்சுருக்கலாம், துண்டு தோள்லதான் கெடக்கு. பின்னாடி எங்கம்மா, அதுக்குப் பின்னாடி அன்னக்கொடி அக்கா. மெதுவா வர்றாரு, பஸ்ஸு ஓடறப்ப கம்பியப் பிடிக்காம முன்னுக்கும் பின்னுக்கும் நடந்த மனுசன், இப்ப ஒவ்வொரு அடியா வச்சு வர்றாரு. என்னயப் பாக்கல. ஆட்டோ பக்கத்துல வந்து நின்னு ஜக்கரியா அண்ணனப் பாத்தாரு. "ராத்திரி எத்தன தடவடா?" "நாலு, அஞ்சுண்ணே." "எறங்கு." "எங்கண்ணே?" "எறங்குடா. இதான் ஸ்டாப்பு." அண்ணன் எறங்குனாரு, கால் தடுமாறி, அப்பா தோளப் பிடிச்சுக்கிட்டு. "நாளைக்குக் காலைல நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். ஒன் வண்டிலயே போவோம். ஒனக்கு என்னன்னு நீயோ நானோ முடிவு பண்ண வேண்டாம்." அப்புறம் கடைப் பக்கம் திரும்பி, அந்தக் குரலு, மூணு மாசமா வீட்டுக்குள்ளயே மொனகிக்கிட்டுக் கெடந்த குரலு, கடைசி சீட்டு வரைக்கும் போற குரலு, "இருளப்பா, டீ ஒண்ணு." இருளப்பன் பழக்கத்துல, "அண்ணனுக்கு வித்த..." பாதிலயே நின்னுட்டான். "சீனி தூக்கலா"ன்னாரு அப்பா. தெருவே கேட்டுக்கிட்டு நிக்குது. அன்னக்கொடி அக்கா வாயில முந்தானைய வச்சுக்கிட்டு, "அண்ணே, அப்ப ஒங்களுக்கு சுகரு..." "இல்ல தாயி. என்னைக்குமே இருந்ததில்ல. ஒன் சாறு நல்ல கசப்பு." இருளப்பன் கரண்டியால ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலாவது போட்டுட்டு அப்பாவப் பாத்தான், அப்பா போதும்னு தலைய ஆட்டல, அஞ்சாவதும் போட்டான். மஞ்சப்பைய எடது கைக்கு மாத்திக்கிட்டு வலது கையில டம்ளர வாங்குனாரு. வந்து ஆட்டோவுக்குள்ள தலையக் குனிஞ்சாரு, என் மூஞ்சிக்கு நேரா, எனக்குக் கையில மைக்கு இருக்கறதே மறந்து போச்சு, அது ஆன்ல கெடந்துருக்கு. அவரு மொத வாய் உறிஞ்சுனாரு. அந்தச் சத்தம் முன்னாடி பாக்குற கோன்லயும் பின்னாடி பாக்குற கோன்லயும் ஒண்ணாக் கெளம்பி, சலூன் பெஞ்சத் தாண்டி, தண்ணிக் கொழாயத் தாண்டி, எங்க தெரு கடைசி வீடு வரைக்கும் போச்சு.